மாரடைப்பு திடீரென வருவதோ?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம். அன்று வர இயலாத அங்கத்தினர் பொருட்டும் இல்லத்துப் பெண்மணிகள் பொருட்டும் ஈண்டு வெளியிடப்படுகிறது.)



நமது மாத இதழ் கைக்கு வந்ததும் அன்பர்கள் முதலிற் புரட்டுவது தலையங்கத்தையன்று, கடைசிப் பக்கத்து இரங்கற் குறிப்புகளையே என்பதை யாம் அறிவோம். அக்குறிப்புகளில் ஒரு வாசகம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. நல்ல தேக சௌக்கியத்துடன் இருந்த இன்னார் திடீரென மாரடைப்பினாற் காலஞ்சென்றார் என்பதே அது. வயதை நோக்கினால் 48, 52, சிலவேளை 39. பின்னே படிக்கும் பிள்ளைகளும் மணமாகாத பெண்மக்களும் இருப்பர்; கடையின் கணக்கு இன்னதென அறியாத மனைவியும் இருப்பாள்.

இவ்வாசகத்தில் இரண்டு செய்திகள் உள. ஒன்று, மாண்டவர் சௌக்கியமாக இருந்தார் என்பது. மற்றொன்று, நோய் திடீரென வந்தது என்பது. இவ்விரண்டும் பெரும்பாலும் மெய்யல்ல என்பதே யாம் இன்று எடுத்துரைக்க வந்த விஷயம். யாம் வைத்தியரல்லோம், தராசு பிடித்து வாழ்பவரே. ஆயினும் கற்றறிந்த வைத்தியர்கள் ஆராய்ந்து நிலைநாட்டியவற்றைப் படித்தும் கேட்டும் தெளிந்த அளவிற் கூறுகின்றோம். பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

இருதயமாவது மூடிய கையளவினதாகிய ஒரு தசைப்பை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லக்ஷம் தடவை சுருங்கி விரிந்து, உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. இங்ஙனம் ஊரார்க்கெல்லாம் படியளக்கும் அவ்வுறுப்பு, தன்னுள் நிறைந்து ஓடும் இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டிய ஊட்டத்தை நேரே எடுத்துக்கொள்வதில்லை. பண்டசாலை முழுதும் நெல் குவிந்திருந்தும், அதன் காவற்காரன் தன் கூலிநெல்லை வாயிலில் நின்று பெறுவது போல, பெருந்தமனியின் அடியிற் கிளைத்துத் தன்மேற் படர்ந்துள்ள சிறு தமனிகளின் வழியாகவே தன் பங்கைப் பெறுகிறது. அவற்றின் குழல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையது. மாரடைப்பு என்னும் நம் சொல் நோயின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது. அடைபடுவது மார்பன்று, இக்குழாய்கள் என்பதொன்றே வேறுபாடு.

அடைப்பு உண்டாகும் விதத்தைப் பற்றி நம்மவரிடையே ஒரு பிழையான எண்ணம் உண்டு. வாய்க்காலில் வண்டல் படிந்து படிந்து ஒருநாள் நீர் நின்றுவிடுவது போலக் கொழுப்புச் சேர்ந்து தமனி மூடிக்கொள்வதாகக் கருதுகின்றனர். அது பாதியே உண்மை. இரத்தத்தில் மிதந்து செல்லும் கொலஸ்டிரால் ஏந்திய நுண்துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அங்கே அழற்சி எழுகின்றது. சுவரினுள்ளே ஒரு கொழுப்புத் திட்டு வளர்கின்றது. அதன்மேல் மெல்லிய தோல் ஒன்று மூடிக்கிடக்கின்றது. அத்தோல் ஒருநாள் கிழிந்தால், உள்ளிருக்கும் பொருள் இரத்தத்திற் படுகின்றது. உடனே, வெட்டுக்காயத்தில் உறைவது போல, இரத்தம் அவ்விடத்தில் உறைந்து குழாயைச் சில நிமிஷங்களில் அடைத்துவிடுகின்றது. கிழிந்த திட்டு குழாயிற் பாதியைக்கூட மறைக்காததாய், முதல்நாள் வரை வலியே தராததாய் இருந்திருக்கலாம். நேற்று மாலை மூன்று மாடி ஏறி வந்தாரே என்று நாம் வியப்பதற்கு இதுவே விடை. சென்ற மாதம் எடுத்த ஈ.ஸி.ஜி. சுத்தமாக இருந்ததே என்பதற்கும் இதுவே விடை.

ஆகவே திடீரென நேர்ந்தது கிழிவு மாத்திரமே. திட்டு வளர்ந்ததோ பல்லாண்டுகளாக. எத்தனை ஆண்டுகள் என்று கேட்பீர்களாயின், கொரிய யுத்தத்தில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்களின் செய்தியைக் கூறுகின்றோம். அவர்களுள் 300 பேருடைய இருதயங்களை அறுத்துப் பார்த்த இராணுவ வைத்தியர்கள் 1953-ம் ஆண்டில் தாம் கண்டதை வெளியிட்டனர். சிப்பாய்களின் சராசரி வயது 22. உடல்வலிமை சோதித்துப் படையிற் சேர்க்கப்பட்ட வாலிபர்கள் அவர்கள். அவ்வாறிருந்தும், நூற்றுக்கு 77 பேருடைய தமனிகளில் இந்நோயின் அடையாளம் கண்ணுக்குப் புலப்பட்டது. ஐம்பதாவது வயதில் விளையும் பயிர் இருபதாவது வயதிலேயே விதைக்கப்பட்டுவிடுகின்றதென்பது இதனாற் பெறப்படும்.

விதைப்பது எது? இவ்வினாவுக்கு விடை காண மேனாட்டார் பட்டபாடு கேட்கத்தக்கது. அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1945-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ம் தேதி மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300-க்கு 190 என்று குறிக்கப்பட்டுள்ளது. பல ஆண்டுகளாகவே அது ஏறிக்கொண்டு வந்தது. ஆயினும் வயது ஏற ஏற அழுத்தம் ஏறுவது இயல்பே என்னும் கொள்கை அக்காலத்து வைத்தியர் பலரிடம் வேரூன்றியிருந்தது. உலகிற் பெரிய தேசத்தின் தலைவருக்கே கிடைத்த வைத்தியம் அவ்வளவு! அவர் மறைந்த மூன்றாண்டில், 1948-ல், அத்தேசத்து அரசாங்கம் மாசசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள பிரேமிங்ஹாம் என்னும் சிற்றூரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. 30 முதல் 62 வயதுக்கு உட்பட்ட 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களைச் சோதித்து, யார் யார்க்கு இருதயநோய் வருகிறது, யார் யார்க்கு வரவில்லை என்று கணக்கெழுதி வந்தனர். அவர்கள் மக்களும் பேரமக்களும் பின்னர் அக்கணக்கிற் சேர்க்கப்பட்டனர். நோயாளியைப் பிடித்துவந்து காரணம் கேளாமல், நோயில்லாதவரைத் தொடர்ந்து சென்று காரணம் கண்ட முயற்சி இது. பேரேடு எழுதுவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

உயர்ந்த இரத்த அழுத்தமும், மிகுந்த கொலஸ்டிராலும், சிகரெட்டும் இருதயநோய்க்கு முன்னோடிகள் என்பது அவ்வூர்க் கணக்கினின்றும் தெளிவாயிற்று. 1961-ம் ஆண்டில் அவ்வைத்தியர்கள் இவற்றை அபாயக் காரணங்கள் எனக் குறித்தனர். இச்சொல்லைச் சற்று நிதானித்துக் கொள்ளுதல் நலம். என் பாட்டனார் நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி பிடித்தார், தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்று எதிர்வாதம் செய்யாத உறவினர் எவ்வீட்டிலும் இல்லை. பத்திரம் வாங்காமற் கடன் கொடுத்தவரெல்லாம் முதலை இழந்துவிடுவதில்லை. ஆனாலும் அவ்வாறு கொடுத்துத் தப்பிய ஒருவரை முன்காட்டி, பத்திரம் வேண்டாமென்று நம்மில் யாரேனும் வியாபாரம் செய்வரோ? பாட்டனார் வாதமும் அத்தன்மையதே.

மேலும், இக்காரணங்கள் ஒன்றோடொன்று கூட்டப்படுவனவல்ல, பெருக்கப்படுவன. கேரளத்திற் பிறந்து கனடா தேசத்தில் ஆராய்ச்சி செய்துவரும் ஸலீம் யூஸுப் என்னும் வைத்தியர் தலைமையில், 52 தேசங்களில் ஏறக்குறைய 30,000 பேரை விசாரித்து 2004-ம் ஆண்டில் ஒரு பேராராய்ச்சி வெளிவந்தது. புகையிலை, இரத்தத்துக் கொழுப்பின் சீர்கேடு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனச்சுமை, காய்கனி உண்ணாமை, உழைப்பின்மை, மது ஆகிய ஒன்பதுமே முதல் மாரடைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் காரணம் கூறப் போதுமென்று அவர்கள் கண்டனர். புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம் என்னும் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால், மூன்றும் இல்லாதவரைவிட அபாயம் 13 மடங்காகின்றது.

இங்கே நம்மைப் பற்றிய செய்தி ஒன்றுண்டு. இந்தியா, இலங்கை முதலிய தென்னாசிய தேசத்தார்க்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. பிற தேசத்தார்க்கு ஏறக்குறைய 59. ஆறாண்டு முந்தி வருகின்றது. இதைக் கேட்டவுடன், நம் இரத்தமே அப்படி, நம் விதியே அப்படி என்று கைவிரிப்பார் பலர். 2007-ம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவோ வேறு. மேற்சொன்ன அதே காரணங்கள் நம்மவரிடம் இளவயதிலேயே குடிபுகுந்துவிடுகின்றன. முந்தி வருவதற்குப் பெரும்பான்மையும் அதுவே ஏது என்பதாம். விதியென்று ஒதுக்கியது விலாசமுள்ள கடன்காரனாகவே இருக்கின்றது.

இனி நம் கடைகளுக்கு வருவோம். விடியற்காலை கதவு திறந்து, இரவு பத்துமணிக்குப் பூட்டுகிறோம். இடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னே ஒரே ஆசனம். சாமான் எடுப்பவன் கடைப்பையன், மூட்டை இறக்குபவன் கூலியாள். முதலாளி எழுந்து நடப்பது சாப்பாட்டுக்கும் பூஜைக்கும் மாத்திரம். லண்டன் மாநகரத்து மாடிபஸ்களில் ஒரே வண்டியில் ஒரே ஊதிய வகுப்பினர் இருவர் வேலை செய்வர்: ஓட்டுபவர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார், டிக்கட் கொடுப்பவர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குவார். ஜெரிமி மாரிஸ் என்னும் வைத்தியர் இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டு 1953-ம் ஆண்டில் எழுதியதாவது: அமர்ந்திருப்பவரிடம் இருதயநோய் மிகுதி, ஏறி இறங்குவோரிடம் அது குறைவு, வந்தாலும் கடுமை குறைவு. அவர் அதனோடு நில்லாமல் இரு சாராருக்கும் தைக்கப்பட்ட உடுப்புகளின் இடுப்பளவையும் ஆராய்ந்தார். ஓட்டுபவர்கள் வேலையிற் சேரும்போதே சற்றுப் பருத்தவர்களாயிருந்தனர் என்று கண்டு, அதனையும் மறைக்காமல் 1956-ல் வெளியிட்டார். எனினும் கடிதம் சுமந்து நடந்த தபாற்காரர்க்கும், அமர்ந்து எழுதிய தபாலாபீஸ் குமாஸ்தாக்களுக்கும் இடையே அதே வேறுபாடு தோன்றியது. அம்மாரிஸ் 99 வயது வாழ்ந்து 2009-ல் மறைந்தார். தேகப்பயிற்சியை அவர் விடவில்லையாம்.

தொந்தியை நாம் செல்வத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம். பெண்பார்க்கச் செல்லுமிடத்தும் மெலிந்த மாப்பிள்ளைக்கு மதிப்புக் குறைவு. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளுவது நம் தேசத்தார்க்கு இயல்பாகிவிட்டது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் அக்கொழுப்பே நீரிழிவுக்கும் இருதயநோய்க்கும் நெருங்கிய தோழன். ஆகையால் எடையை மட்டும் பார்த்துத் திருப்தியடைதல் கூடாது. நம் தேசத்து ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மீறலாகாதென வைத்தியர் விதித்துள்ளனர். ஜவுளிக்கடை வைத்திருப்பவரிடம் அளவுநாடா இல்லையென்று சொல்ல இயலாது.

நீரிழிவைப் பற்றி அதிகம் விரிக்கவில்லை. அது வராத குடும்பம் எதுவென்று தேடவேண்டிய நிலை வந்துவிட்டது. 2023-ம் ஆண்டில் வெளியான அகில இந்தியக் கணக்கின்படி பத்துக் கோடிப் பேருக்கு மேல் அந்நோயுடையோர். ஒன்றைமட்டும் நினைவிற் கொள்க: பல்லாண்டு நீரிழிவு உள்ளவர்க்கு மாரடைப்பு வருங்கால் மார்வலி தோன்றாமலே வியர்வையும் மூச்சுத்திணறலும் மாத்திரம் தோன்றக்கூடும்.

புகையிலை விஷயத்தில் நம் பெரியோர் சிலர், சிகரெட்டே கெடுதி, பீடி ஏழையின் மருந்து, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை சம்பிரதாயம் என்று வகுத்து வைத்துள்ளனர். முன்சொன்ன 52 தேசத்து ஆராய்ச்சியில் பீடியும், மெல்லும் புகையிலையும் மாரடைப்பின் அபாயத்தை இருமடங்குக்கு மேல் உயர்த்தக் காணப்பட்டன. நம் கலியாணப் பந்தல்களில் தாம்பூலத் தட்டோடு புகையிலையும் வைத்து உபசரிக்கும் வழக்கம் சிலவிடங்களில் இன்னும் உள்ளது. விருந்தாளியை இவ்வாறு உபசரிப்பது எங்ஙனம் மரியாதையாகும் என்று எமக்கு விளங்கவில்லை. விடுபவர்க்கு நற்செய்தி யாதெனில், புகைத்தலால் ஏறிய இருதய அபாயம் விட்ட ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றது.

உணவிலும் சில வார்த்தை. உலகச் சுகாதார ஸ்தாபனம் ஒருவர்க்கு நாளொன்றுக்கு விதித்த உப்பு ஐந்து கிராமுக்குட்பட்டது. அஃதாவது ஒரு சிறு கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு இவற்றை வரிசையாக இலையில் வைக்கும் நாம் அவ்வளவைக் காலைச் சிற்றுண்டியோடு தாண்டிவிடுகிறோம். வனஸ்பதியிலும் பலமுறை காய்ச்சிய எண்ணெயிலும் உள்ள கேடுற்ற கொழுப்பை நம் அரசாங்கம் 2022-ம் ஆண்டு முதல் நூற்றுக்கு இரண்டு பங்குக்குமேல் ஆகாதென்று வரம்பிட்டது. நெய்யும் தேங்காயெண்ணெயும் அமிர்தமென்போரும் நஞ்சென்போரும் சண்டையிட்டுக்கொள்கின்றனர். இரண்டுமல்ல, அளவே பேச்சு. மதுவைப் பற்றி இச்சபையில் யாம் பேசவேண்டுவதில்லை. கோபத்தைப் பற்றி மட்டும் ஒன்று: லண்டனில் பெரும்புகழ் பெற்ற ரணவைத்தியராகிய ஜான் ஹண்டர் என்பார், தம்மைச் சினமூட்டுபவன் கையில் தம் உயிர் இருக்கின்றதென்று சொல்லி வந்தார். 1793-ம் ஆண்டில் தாம் பணிபுரிந்த வைத்தியசாலையின் நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் மறுத்துப் பேச, அடுத்த அறைக்குச் சென்று விழுந்து மாண்டார். அறுத்துப் பார்த்தபோது அவர் இருதயத் தமனிகள் எலும்பு போல் இறுகியிருந்தன. நமது நிர்வாக சபையின் கூட்டங்களை நடத்துவோர் இதனை உளங்கொள்க.

கடைசியாக, சொல்லத் தயங்கியும் சொல்லியே தீரவேண்டிய ஒன்று உளது. கொலஸ்டிரால் எல்லார்க்கும் உணவாலேயே ஏறுவதன்று. அதனை இரத்தத்தினின்றும் நீக்கும் ஈரலின் ஆற்றல் பிறவியிலேயே குறைவுபட்ட குடும்பங்கள் உள. இக்குறைவின் மூலத்தை அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து வைத்தியர்களாகிய பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர் கண்டறிந்து 1985-ல் நோபல் பரிசு பெற்றனர். ஏறக்குறைய இருநூற்றைம்பது பேரில் ஒருவர்க்கு இது உண்டு. வைத்தியம் செய்யாத ஆண்களிற் பாதிப்பேர் ஐம்பது வயதிற்குள் இருதயநோய்க்கு இரையாகின்றனர். தந்தை தாயருள் ஒருவர்க்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவர்க்குமே இருந்தாலோ, நான்கில் ஒரு குழந்தை இரட்டைப் பங்காக அதைப் பெறக்கூடும்; அத்தகைய குழந்தை இருபது வயதிற்கு முன்பே மாரடைப்புக்கு ஆளாகலாம்.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவிற் கொடுத்துக் கொள்வது நம் வழக்கம். பாட்டனார் ஒருவரிடமிருந்து இறங்கிய குறை, மணமகன் வழியாகவும் மணமகள் வழியாகவும் ஒரே தொட்டிலில் வந்து சேர இதனால் இடமுண்டாகிறது. பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். ஆனால் பெண்ணின் தந்தை 44 வயதிற் போனதையும், அவர் தமையனார் 41-ல் போனதையும் சம்பந்தம் கெட்டுவிடுமென்று மறைக்கிறோம். கேட்டால் விஷஜுரம் என்கிறோம். உறவுமுறை மணத்தை ஒழிக்க இச்சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென யாம் கேட்கவில்லை. சம்பந்தத்தை முறிக்கவும் சொல்லவில்லை. மறைத்தலை நிறுத்துக என்றே வேண்டுகிறோம். தந்தை அல்லது சகோதரர் 55 வயதிற்கு முன்னும், தாய் அல்லது சகோதரி 65 வயதிற்கு முன்னும் இருதயநோயுற்றிருந்தால், அவ்வீட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் இரத்தத்துக் கொலஸ்டிரால் பார்த்தல் அவசியம். குதிகால் நரம்பும் விரற்கணுக்களும் தடித்துக் காணப்படுவதும், இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தோன்றுவதும் அக்குறைக்கு வெளியடையாளங்கள்.

இது தெரிந்து பயன் என்னவென்று கேட்பீர்கள். மருந்து உண்டு. ஜப்பான் தேசத்து அகிரா எண்டோ என்னும் அறிஞர் ஆறாயிரம் வகைப் பூஞ்சைகளை ஆராய்ந்து, கியோட்டோ நகரத்துத் தானியக்கடை அரிசியிற் பூத்த ஒரு பூஞ்சையிலிருந்து 1973-ம் ஆண்டளவில் கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளைக் கண்டெடுத்தார். ஸ்டாடின் என்னும் அவ்வினத்து மருந்து 1987 முதல் வழக்கிலுள்ளது. நம் கடைகளிற் பூஞ்சை பூத்த அரிசியை நாம் குப்பையிற் கொட்டுகிறோம். அவர் அதிலிருந்து கோடிக்கணக்கானோர் உயிரை எடுத்துத் தந்தார்! இளமையிலே கண்டுபிடித்து இம்மருந்தை வைத்தியர் சொற்படி உட்கொள்ளும் பிள்ளை, தன் தந்தை இறந்த வயதைத் தாண்டி வாழ மிகுந்த இடமுண்டு. மறைக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மாதவிடாய் நிற்கும் வரை இந்நோய் பெண்களை ஓரளவு விலகி நிற்பது உண்மையே. அதன்பின் அவ்விலக்கு இல்லை. நீரிழிவு உடையவர்க்கு முன்னரும் இல்லை. ஆணுக்கு மார் வலித்தால் வண்டி பிடிக்கும் வீட்டார், பெண்ணுக்கு முதுகும் தாடையும் வலித்துக் குமட்டினால் வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுக்கின்றனர். சோடா வாங்கிவரச் செல்லும் நேரத்தில் 108-க்குச் சொல்லிவிடலாம். 2023-ம் ஆண்டில் நம் மாநில அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின்படி, மாரடைப்புக்கு உடனே தரவேண்டிய முதல் மாத்திரைகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன.

இக்கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் கீழ்ப்புறத்து அறையில், நம் உறவினராகிய வைத்தியர் இருவர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அமர்ந்திருப்பர், கட்டணம் இல்லை. பெண்டிர்க்கு மேல்புறத்து அறை. 140-க்கு 90 என்பதற்கு மேற்பட்டோர் பெயரை ஏட்டில் எழுதுவதில்லை. சீட்டு அவரவர் கையிலேயே தரப்படும். காப்பியும் புகையிலையும் அரைமணி நேரத்துக்குள் உட்கொண்டவர்கள் சற்றுத் தாமதித்து வருக. விருந்து தயாராகிவிட்டதெனக் காரியதரிசி சைகை காட்டுகிறார். வெறும் வயிற்றோடு வந்துள்ளோர் முதலில் அறைக்குச் சென்று, பின்னர்ப் பந்திக்கு வருக.